குண்டுமணி எழுத்து

செலின் அக்காவிடம் எழுத்து வரையக் கற்றவர்களில் வளர்மதிதான் அதிகம் கேள்வி கேட்பவள். செலின் அக்காவோ பதில் சொல்வதில் படு கஞ்சம். அதனால்தானோ என்னவோ இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஒரே கான்வென்டில் படித்தவர்கள். அக்கா இரண்டு வகுப்பு மூத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அக்கா கண்ணைக் காட்டாமல் வளர்மதி உட்கார மாட்டாள்.

அன்றைக்கு அக்கா நிமிர்ந்து பார்க்கும் முன்பே உட்கார்ந்துவிட்டாள். கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னடி இது?"

"எலி மருந்துக்கா."

"பார்த்தா மிட்டாய் மாதிரி இருக்கு."

"அதான்க்கா."

சிவப்பு அட்டை. ஓரத்தில் ஒரு எலி பல்லைக் காட்டிச் சிரித்தது. நடுவில் மஞ்சள் நிறத்தில், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு, கொழுகொழுவென்று எழுத்துகள். அந்த எழுத்துகளை இருவருக்கும் தெரியும். வளர்மதி வரைந்தவை.

மகள் தாரா கைக்குழந்தையாக இருந்தபோது வரைந்தாள். பிள்ளை மடியில் தூங்கும். இடது கை அதன் தலைக்கடியில் இருக்கும். வலது கை வரையும். ஒரு கோடுகூட நேராக வராது. நேராக வர வேண்டாம் என்று அவளே விட்டுவிட்டாள். 'க' தொப்பை வைத்துக்கொண்டது. 'ஐ' யானைக்குட்டி போலச் சப்பணமிட்டு உட்கார்ந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் பந்தாகி, இதோ விழப்போகிறேன் என்று தலைமேல் நின்றன. மொத்தத்தில் மணி அடித்ததும் வெளியே ஓடிவருகிற ஒன்றாம் வகுப்பு மாதிரி இருந்தது.

செலின் அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. புது எழுத்து எதையும் காகிதத்தில் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்ல மாட்டார். தெருச்சுவரில் ஒட்டச் சொல்வார். எதிரே டீக்கடையில் போய் உட்காரச் சொல்வார். இந்த எழுத்துக்கும் அப்படித்தான். திரும்பி வந்ததும் ஒரே கேள்விதான்.

"யார் நின்னா?"

"சின்னப் பிள்ளைங்கக்கா! வாசிக்கத் தெரியாததுங்ககூட நிக்குது. ஒண்ணு நக்கியே பார்த்துச்சு."

அக்கா சிரிக்கவில்லை. "எந்த உயரத்துல ஒட்டினே?"

"அதுங்களுக்கு எட்டுற உயரத்துலதான்."

"ம்."

அந்த 'ம்'மை வளர்மதி பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்து, எழுத்துக்குக் குண்டுமணி என்று பெயரும் வைத்தாள். அப்போது மட்டும் அக்கா இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினார்.

"கிறிஸ்மஸ் குடில்ல ஆட்டுக்குட்டிக்குக் கண்ணா வைக்க குண்டுமணி வாங்கி வைப்பாங்களே நம்ம சிஸ்டர், ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. கண்ணாடிக் குப்பியில போட்டு அலமாரியில பூட்டி வைப்பாங்க."

"ஏன் பூட்டினாங்க?"

"பிள்ளைங்க வாயில போட்டுக்கும்னு. அது விஷமாச்சேக்கா."

"ஆமா" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதி வளர்மதி அதைக் கணினி எழுத்துருவாக்கி இணையத்தில் விட்டாள். எடுத்துக்கொண்டார்கள். குச்சி ஐஸ் வண்டியில் வந்தது. பள்ளிக்கூட வேனின் முதுகில் வந்தது. அங்கன்வாடிச் சுவரில், சோளப்பொரிப் பாக்கெட்டில், பிறந்தநாள் பேனரில். தாராவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால், பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையை நீட்டிக் கத்தும். "அம்மா எழுத்து! அம்மா எழுத்து!"

இப்போது எலி மருந்திலும் வந்திருக்கிறது.

"ஒரு பிள்ளை செத்துப்போச்சுக்கா" என்றாள் வளர்மதி. "மூணு வயசு. மிட்டாய்னு நினைச்சுப் பிரிச்சுத் தின்னிருக்கு. பேப்பர்ல வந்திருந்தது. பாக்கெட்டைப் படம் பிடிச்சுப் போட்டிருந்தாங்க. படத்தைப் பார்த்ததும் நான் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? ஐ, நம்ம எழுத்துன்னு நினைச்சேன். கீழே இருந்ததை அப்புறம்தான் வாசிச்சேன்."

அக்கா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில், கடுகைவிடச் சிறிதாக, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று இருந்தது. அது வேறு எழுத்து.

"தாராவோட சாப்பாட்டுத் தட்டுல அவ பேரை இந்த எழுத்துலதான் எழுதியிருந்தேன். நேத்து கத்தியால சுரண்டி எடுத்துட்டேன். அவ ஒரே அழுகை. அந்தத் தட்டுல சாப்பிட மாட்டேங்குறா." வளர்மதி மூச்சு வாங்கினாள். "அக்கா, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு குணம் உண்டுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"சொன்னேன்."

"இதோட குணம் என்ன?"

"கூப்பிடும்."

"யாரை?"

"வாசிக்கத் தெரியாதவங்களை."

"எதுக்குக் கூப்பிடும்?"

"அது அதுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணுமாக்கா?"

அக்கா பாக்கெட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இந்தப் பழி யாரோடது? சொல்லுங்க. மருந்து செஞ்சவனோடதா, அட்டை போட்டவனோடதா, என்னோடதா? நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். ஆனா சொல்லணும்."

அக்கா எழுந்து ஆணியிலிருந்து குடையை எடுத்தார்.

"அந்தப் பிள்ளையோட ஊருக்கு பஸ் இருக்குல்ல?"

"அக்கா, நான் வரமாட்டேன்."

"செருப்பைப் போடு."

ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வளர்மதி நின்றுவிட்டாள். தெருமுனை மின்கம்பத்தில் ஒரு பேனர் கட்டியிருந்தது. வெள்ளைச் சட்டையில் ஒரு பையன், முன்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'இன்பன்'. எல்லாம் குண்டுமணி எழுத்து. கண்ணீரின் புள்ளிகள் பந்துபோலத் தலைமேல் ஆடிக்கொண்டு நின்றன. வலது மூலையில் நீல நிறத்தில் ஒரு பலூன்.

ஏணியில் நின்று, அவிழ்ந்த கயிறொன்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். பேனர் கடைக்காரன் சகாயம்.

"இது நீங்க அடிச்சதா?" என்று கேட்டார் செலின் அக்கா.

"ஆமா மேடம். பிறந்தநாளுக்கும் நான்தான் அடிச்சேன், போன மாசம்தான். அதே ஃபைல். மேல மட்டும் வார்த்தையை மாத்தினேன்." கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசினான். "கேக்கு, மெழுகுவத்தி, தோரணம் எல்லாத்தையும் எடுத்துட்டேன். அவசரத்துல ஒரு பலூன் விட்டுப்போச்சு. பிரின்ட் போட்டப்புறம்தான் பார்த்தேன். வேற அடிச்சுத் தாரேன்னேன். பிள்ளையோட அம்மாதான் கெடக்கட்டும்னுட்டாவ."

"இந்த எழுத்தை ஏன் வெச்சீங்க?" வளர்மதியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பக் கேட்டாள்.

சகாயம் அவளை விநோதமாகப் பார்த்தான். "பிள்ளைகளுக்குன்னா இந்த எழுத்துதான் மேடம். வேற எது வைப்பாங்க?"

வீடு அந்தத் தெருவிலேயே. ஒரே அறை, பின்னால் அடுப்படி. இன்பனின் அம்மா முத்துப்பேச்சி தையல் மிஷின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வளர்மதி வயதுதான் இருக்கும். தூங்கி நாளான கண்கள். அவள் இடுப்பில் கட்டிய துணியின் மறுமுனை ஒரு பெண்குழந்தையின் இடுப்பில் கட்டியிருந்தது. குழந்தை துணி போகிற தூரம்வரை தவழ்ந்து, இழுபட்டு, உட்கார்ந்து, மறுபடி தவழ்ந்தது.

"பத்திரிகையிலிருந்தா?"

"இல்லம்மா. நாங்க எழுத்து வேலை செய்யறவங்க" என்றார் செலின் அக்கா.

"என்ன வேலைனாலும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். யாரும் கேட்காமலே முத்துப்பேச்சி சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

"இவ கால் விரல எலி கடிச்சிட்டு. அதுக்குத்தான் வாங்குனேன். கீழ வைக்கல. அந்தா, மேல் ஸ்லாபுலதான் வச்சேன். எனக்கே எக்கித்தான் எடுக்கணும். எல்லாரும் கேக்காவ, பிள்ளைக்கு எட்டாத எடத்துல வைக்கக்கூடாதான்னு. எட்டாத எடத்துலதான் வச்சேன். கீழ இருந்து பாத்துருக்கான். மிஷின் மேல ஏறி, ஜன்னல் கம்பியப் பிடிச்சு, ஏறிட்டான். அது அங்கன இருந்து கூப்பிடும்னு எனக்குத் தெரியாது."

வளர்மதி அக்காவைப் பார்த்தாள். அக்கா ஸ்லாபைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எழுத்தை வரைஞ்சது நான்தான்" என்றாள் வளர்மதி.

"எந்த எழுத்த?"

"பாக்கெட்டுல இருக்கிறது. வெளியே பேனர்ல இருக்கிறதும்."

முத்துப்பேச்சிக்குப் புரியவில்லை. "எழுத்த யாரு வரைவா? அது எப்பமும் உள்ளதுதானே."

"அதேதான். ஆனா குண்டா, வேடிக்கையா... பிள்ளைங்களுக்குப் பிடிக்கிற மாதிரி. என் மகளுக்காக வரைஞ்சேன்."

முத்துப்பேச்சி வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு அவள் கைகளைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கிய" என்றாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. "எம்பிள்ளைக்கு அவ்வளவு பிடிக்கும். சுவத்துல எங்க கண்டாலும் போய்த் தொட்டுத் தடவுவான். சோத்த விட்டுட்டு ஓடுவான்."

வளர்மதியால் அழக்கூட முடியவில்லை. 

"மன்னிப்பு கேக்கவா வந்திய?"

வளர்மதி ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லம்மா. இவ தவழ ஆரம்பிச்சிட்டா."

குழந்தையின் காலைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். கட்டைவிரலில் இரண்டு சிறிய தழும்புகள். அதன் பக்கத்தில் ஒரு புதுக் கீறல்.

"எலி போகல. இது முந்தாநேத்து. மருந்த வெளிய எறிஞ்சா எலி இவளத் திங்கும். வீட்டுல வச்சா இவ அதத் திம்பா. எம்புருசன் லாரியில போயிட்டாரு, அவருக்கும் வீட்டுல இருக்க முடியல. நான் யாரப் போய்க் கேக்க?" எழுந்து, எக்கி, ஸ்லாபின் கோடியிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினாள். மூடியைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். "மிச்ச மருந்து இதுலதான் இருக்கு. நீங்க எழுத்து வரையுதவதானே? பிடிக்கிற மாதிரி வரையத் தெரிஞ்சிருக்கு. இவ பாத்தாலே பயப்படுத மாதிரி ஒண்ணு வரைஞ்சு தாங்க. டப்பா மேல ஒட்டிக்கிடுதேன்."

வளர்மதி பைக்குள் கைவிட்டுக் காகிதமும் தடித்த பேனாவும் எடுத்தாள். பல நாளுக்குப் பிறகு கைக்கு ஒரு வேலை கிடைத்த வேகம். 'விஷம்' என்று எழுதினாள். ஒவ்வொரு கோட்டிலும் முள் வைத்தாள். வளைவையெல்லாம் ஒடித்தாள்.

தரையில் வைத்ததும் குழந்தை தவழ்ந்து வந்தது. காகிதத்தைப் பார்த்தது. 'ஷ'வின் மேல் பொத்தென்று ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தது.

வளர்மதி இன்னொன்று எழுதினாள். இப்போது கரிய எழுத்து, கத்திமுனைபோல. புள்ளியை ஆணியாக்கி 'ம'வின் தலையில் இறக்கினாள். 

குழந்தை அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

"இவளுக்கு என்ன தெரியும்?" என்றாள் முத்துப்பேச்சி. "இன்னும் பயங்கரமா போடுங்க."

மூன்றாவது தாள். எழுத்துகளுக்குப் பல் வைத்தாள், கண் வைத்தாள். மையை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். நெற்றி வியர்வை தாளில் சொட்டியது.  இப்படி ஓர் எழுத்தை அவள் வாழ்நாளில் வரைந்ததில்லை. பேனாவை மூடி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைப்பார் என்று காத்திருந்தாள்.

அந்த நேரத்துக்குள் குழந்தை தாளைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டது.

முத்துப்பேச்சி போட்ட அலறலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. காகிதம்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அலறினாள். வளர்மதி உட்கார்ந்த இடத்தில் உறைந்துபோனாள். செலின் அக்கா மட்டும் குழந்தையை மடக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டு வளைத்து, ஊறிய காகிதத்தை இழுத்து வெளியே போட்டார். குழந்தையின் ஈறெல்லாம் கறுப்பு மை. அது முதலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகுதான் வீறிட்டு அழுதது.

வாசலில் நின்றவர்களை முத்துப்பேச்சி கையாட்டி அனுப்பினாள்.

வளர்மதி தரையில் கிடந்த காகிதக் கூழைப் பார்த்தாள். அதில் ஒரு பல் மட்டும் அழியாமல் இருந்தது.

"அக்கா, எந்த எழுத்துல எழுதினா இவ பயப்படுவா?"

செலின் அக்கா முத்துப்பேச்சியிடம் திரும்பினார்.

"எலி எந்த வழியா வருதும்மா?"

"என்னது?"

"எலி. வீட்டுக்குள்ள எந்த வழியா வருது?"

முத்துப்பேச்சி யோசித்தாள். அவளிடம் இதை இதுவரை யாரும் கேட்கவில்லைபோலும். "மிஷினுக்குப் பின்னால ஒரு பொந்து. வாசப்படிக்குக் கீழ ஒண்ணு. பின்னால சாக்கடை ஓடுதுல்லா, அங்கன இருந்துதான் வரும். வீட்டுக்காரன்ட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."

"சிமென்ட் இருக்கா?"

"கொல்லையில பாதி மூட்டை கெடக்கும். கட்டி தட்டியிருக்கும்."

"கட்டியை உடைச்சுக்கலாம். உடைஞ்ச கண்ணாடி ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. சிமென்ட்டுல கலந்து அடைச்சா மறுபடி குடையாது."

முத்துப்பேச்சி எழுந்தாள். இடுப்புத் துணி இழுத்தது. ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு தன் பக்கத்து முடிச்சை அவிழ்த்து, குழந்தையைத் தூக்கி வளர்மதியின் மடியில் வைத்தாள்.

"பிடிச்சுக்கிடுங்க. கீழ விட்றாதிய."

வளர்மதி பிடித்துக்கொண்டாள். குழந்தை விம்மிக்கொண்டே அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சப்பியது. அதன் உச்சந்தலையில் தாராவின் தலையில் வருகிற அதே வாசனை வந்தது. வளர்மதி நன்றாக இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், வலிக்குமோ என்று பயந்து தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள்.

பழைய கண்ணாடித் தம்ளரொன்றைச் சாக்கில் சுற்றி உடைத்தார்கள். செலின் அக்கா புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, மடக்குச் சட்டி ஒன்றில் சிமென்டைக் குழைத்தார். தையல் மிஷினை நகர்த்தினார்கள். பொந்துக்குள் ஒரு துணிக் கிழிசல், சோற்றுப் பருக்கைகள். அவற்றோடு சிவப்பு அட்டையின் துண்டு ஒன்றும் இருந்தது, எலி இழுத்துப்போனது. அதில் மஞ்சளாக ஒரு தொப்பை 'க' தெரிந்தது. முத்துப்பேச்சி அதை எடுத்தாள். எடுத்ததை எறியாமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.



மிஷின் பொந்தை அடைத்தார்கள். வாசப்படிப் பொந்தை அடைத்தார்கள். செலின் அக்கா சிமென்ட் கையோடு அந்தத் தகர டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். முத்துப்பேச்சி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் மறுபடி இடுப்பில் முடிச்சுப் போட்டாள்.

வெயில் சாய்ந்திருந்தது. திறந்த வாசல் வழியே மின்கம்பத்துப் பேனர் தெரிந்தது. காற்றில் அது உப்பியபோது எழுத்துகள் இன்னும் குண்டாயின, அடங்கியபோது இளைத்தன. பலூன் மட்டும் மூலையில் அப்படியே இருந்தது.

"அக்கா."

"ம்."

"பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டேன், பழி யாரோடதுன்னு. நீங்க இன்னும் பதில் சொல்லல."

செலின் அக்கா அடுப்படியில் மண்டியிட்டிருந்தார். முகத்திலும் முடியிலும் சிமென்ட் தூசி. அடுப்புத் திண்டுக்கும் சுவருக்கும் நடுவே முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்துப் பார்த்தார். முழங்கையில் கீறி ரத்தம் வந்திருந்தது.

சிமென்ட் சட்டியை வளர்மதியின் பக்கமாகத் தள்ளினார்.

"இங்க இன்னொரு பொந்து இருக்கு. என் கை போகல. உன் கை போகுதா பார்."